டிஸ்க் மேல் பழி போடும் முன்: சர்வரில் கேபிள், கன்ட்ரோலர் கோளாறைப் பிடிப்பது எப்படி

பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தரவு தப்பும்படி வைக்கும் அமைப்பு ரெய்டு. அதிலிருந்து ஒரு டிஸ்க் கழன்று விழுகிறது. புதிது வாங்கிப் போட்டு, அதில் தரவைத் திரும்ப நிரப்பும் ரீபில்டும் முடித்தாயிற்று. சில நாளில் அதே இடத்தில் இருக்கும் புது டிஸ்க்கும் விழுகிறது. "இந்த கம்பெனி டிஸ்க்கே சரியில்லை" என்று சொல்லி இன்னொன்று வாங்குகிறார்கள். சர்வர் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரே இடத்தில் இரண்டாவது டிஸ்க்கும் விழுந்தால், கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை. அதற்குப் போகும் வழியில்தான் இருக்கும்.

அந்த வழியை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். தட்டில் இருக்கும் தரவு டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டுக்கு வருகிறது. அங்கிருந்து கேபிள், பெரிய பெட்டியாக இருந்தால் நடுவில் டிஸ்க்குகளைச் செருகும் பலகையான ஒரு பேக்பிளேன், அப்புறம் டிஸ்க்குகளை நடத்தும் கன்ட்ரோலர், பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், கடைசியில் மெமரி. இதற்கெல்லாம் பக்கத்திலேயே மின்சாரத்துக்கென்று தனி வயர் ஓடுகிறது. எந்தத் துண்டில் கோளாறு என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒவ்வொரு துண்டும் தன் கோளாறை வேறு வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். கீழே சொல்வதெல்லாம் லினக்ஸ் சர்வரை மனதில் வைத்து எழுதியது.

தொடும் முன்

பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முதல் வேலை பேக்கப் எடுப்பதுதான், பிழை தேடுவது இல்லை.

அடுத்தது, பதற்றத்தில் ரீபூட் செய்யாதீர்கள். டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகள் மெமரியில் இருப்பவை, ரீபூட் ஆனால் போய்விடும். ஜர்னல் என்ற லாக் பதிவு டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறதா என்பதும் ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வொரு மாதிரி. அதிலும் அந்த ஜர்னல் கோளாறான டிஸ்க்கிலேயே இருந்தால் கதை முடிந்தது. டிமெசேஜ் வெளியீட்டை முழுசாக ஒரு ஃபைலில் போட்டு வேறு மெஷினுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டுவது, ரீபில்ட் தொடங்குவது போன்ற எழுதும் வேலைகளை நிறுத்தி வையுங்கள். நம்ப முடியாத கேபிள் வழியாக ஃபைல் சிஸ்டத்தைப் பழுது பார்ப்பது, இருக்கிற தரவையும் கெடுக்கிற காரியம்.

லாக்கில் எதைப் படிப்பது

சாட்டா என்ற சாதாரண இணைப்பில் உள்ள டிஸ்க்கில் பிழை வந்தால் கெர்னல் கொத்தாகப் பல வரிகளைக் கொட்டும். பார்த்தவுடன் பயமாக இருக்கும், ஆனால் தேட வேண்டியது கொஞ்சம்தான். "ஃபெயில்டு கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூடு" என்று ஒரு வரி வரும். அது என்ன செய்யும்போது பிழை வந்தது என்று மட்டும் சொல்கிறது. அதற்கு அடுத்து "ரெஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில், அடைப்புக்குறிக்குள் காரணம் இருக்கும். புதியவர்கள் படிக்காமல் விடுவது இந்தக் கடைசிச் சொற்களைத்தான்.

அங்கே "மீடியா எரர்" என்று இருந்து, கீழே "யுஎன்சி" என்ற எழுத்துகளும் வந்தால், டிஸ்க் தன் தட்டிலிருந்தே படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. கேபிளை மாற்றிப் பயனில்லை, டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

"ஏடிஏ பஸ் எரர்" என்று இருந்தால் கோளாறு வழியில். கூடவே "ஐசிஆர்சி" என்றோ, எஸ்எரர் வரியில் "பேட்சிஆர்சி", "10பி8பி", "டிஸ்பார்", "ஹேண்ட்ஷேக்" போன்றவையோ வந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது. சரக்கு லாரியில் மூட்டைக் கணக்கைச் சிட்டையில் எழுதி அனுப்புவது போல, ஒவ்வொரு பொட்டலத் தரவோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. அதுதான் சிஆர்சி. போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் இந்தப் பிழை. டிஸ்க் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"டைம்அவுட்" என்று இருந்தால்தான் தலைவலி. டிஸ்க், கேபிள், மின்சாரம், கன்ட்ரோலர் எதுவாகவும் இருக்கலாம். இதற்குத் தனியாக வருகிறேன்.

இன்னொரு வரியையும் தேடுங்கள்: "லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட் டு 3.0 ஜிபிபிஎஸ்". 6 ஜிகாபிட்டில் பேச முயன்று, திரும்பத் திரும்பப் பிழை வந்து, கெர்னலே வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று பொருள். இதற்குப் பின் பிழை நின்றுவிட்டால், சர்வர் தானே குணமாகிவிட்டது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை "லிங்க் அப்" வரியில் எஸ்ஸ்டேட்டஸ் எண்ணை வைத்துப் பார்க்கலாம். 133 என்றால் 6 ஜிகாபிட், 123 என்றால் 3, 113 என்றால் 1.5. நடு இலக்கம்தான் வேகம். 6 ஜிகாபிட் டிஸ்க், 6 ஜிகாபிட் போர்ட், ஆனால் 113 காட்டுகிறது என்றால் சிக்னல் வழியில் ஏதோ சரியில்லை.

அது எந்த டிஸ்க்?

லாக் "ஏடிஏ3" என்று சொல்லும், நீங்கள் "எஸ்டிபி" என்று தேடுவீர்கள். இரண்டும் தானாகப் பொருந்தாது, எஸ்டிஏ எஸ்டிபி எழுத்துகள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை. சிஸ் கோப்பகத்துக்குள் பிளாக் என்ற இடத்தில் ஒவ்வொரு டிஸ்க்கின் பெயரும் ஒரு இணைப்பாக இருக்கும். அது சுட்டும் நீளமான பாதையைப் படித்தால் நடுவில் ஏடிஏ எண் தெரியும். அதை வைத்து டிஸ்க்கைப் பிடித்து, டிஸ்க்கின் உள் பதிவுகளைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்து சீரியல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் குறிப்பும் சீரியல் எண்ணில்தான்.

ஒவ்வொரு ட்ரேயின் முன்னாலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டி வைப்பது பிற்காலத்தில் பெரிய உதவி. ஓடிக்கொண்டிருக்கும் ரெய்டில் நல்ல டிஸ்க்கைத் தவறுதலாக உருவிவிட்டால், அப்புறம் கேபிள் பற்றி யோசிக்க நேரமே இருக்காது.

டிஸ்க்கின் சொந்தக் கணக்கு

ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் எக்ஸ் கொடுத்தால் நீண்ட பட்டியல் வரும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். 5, 197, 198 ஆகிய எண்கள் தட்டின் உடல்நிலை: மாற்றி அமைத்த செக்டர்கள் (தட்டின் சிறு துண்டுகள்), சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டர்கள், படிக்கவே முடியாதவை. 199 என்பது சிஆர்சி பிழைகள், அதாவது வழியின் உடல்நிலை. முதல் மூன்றும் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் கேபிளைப் பிடியுங்கள். 197 ஏறி 199 அசையாமல் இருந்தால் டிஸ்க்கைப் பிடியுங்கள்.

"ஏறிக்கொண்டே" என்பது முக்கியம். 199 ஒருமுறை ஏறினால் இறங்காது, கேபிளை மாற்றினாலும் பழைய எண் அப்படியே இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஸ்க்கில் 800 என்று காட்டினால், அது முன்னால் இருந்த வீட்டுக்காரரின் கேபிள் கதை. இன்றைய எண்ணைத் தேதியோடு எழுதி வைத்து, நாளைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு.

பலர் பார்க்காத இன்னொரு இடம் 12, 192 ஆகிய இரண்டும். 12 என்பது டிஸ்க்குக்கு மின்சாரம் வந்து எத்தனை முறை துவங்கியது என்ற கணக்கு. 192 என்பது திடீரென்று மின்சாரம் போய் ஹெட்டை அவசரமாக ஒதுக்கிய கணக்கு. சர்வர் ஒரு மாதமாக அணையாமல் ஓடுகிறது, ஆனால் ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் 12ஆம் எண் ஏறியிருக்கிறது என்றால், அந்த டிஸ்க்கின் பவர் இணைப்பு தளர்ந்து விட்டு விட்டுத் தொடுகிறது. டேட்டா கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

சர்வர்களுக்கென்று வரும் சாஸ் இணைப்பு டிஸ்க்கில் இந்த எண்கள் இருக்காது. அங்கே ஸ்மார்ட்சிடிஎல்லில் சாஸ்ஃபை லாக்கைக் கேளுங்கள். இன்வேலிட் டிவேர்ட், ரன்னிங் டிஸ்பாரிட்டி எரர், லாஸ் ஆஃப் டிவேர்ட் சிங்க், ஃபை ரீசெட் ப்ராப்ளம் என்று நான்கு எண்ணிக்கைகள் வரும். நான்கும் வழியைப் பற்றியவை. சர்வர் பூட் ஆகும்போது, டிஸ்க்கைச் செருகும்போது இவை சற்று ஏறுவது இயல்புதான், ஓடும்போது ஏறினால்தான் கவலை.

உள்ளே படிப்பதும் வெளியே படிப்பதும்

இரண்டு சோதனைகளை அடுத்தடுத்து ஓட்டினால் டிஸ்க்கா வழியா என்பது பெரும்பாலும் பிரிந்துவிடும். எனக்கு மிகப் பிடித்த முறை இதுதான், ஸ்க்ரூடிரைவரே தேவையில்லை.

ஒன்று, ஸ்மார்ட் நீண்ட சோதனை. ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் டி லாங். இது டிஸ்க் தன்னைத்தானே உள்ளுக்குள் முழுவதும் படித்துப் பார்ப்பது. படித்த தரவு கேபிளில் வருவதே இல்லை. பெரிய டிஸ்க்குகளுக்குப் பல மணி நேரம் ஆகும், டெராபைட் கூடக்கூட நேரமும் கூடும்.

இரண்டு, டிடி கட்டளையால் அதே டிஸ்க்கை முழுவதும் படித்து, வருவதையெல்லாம் தூக்கியெறியும் டெவ் நல்லுக்கு அனுப்புவது. இதில் ஒவ்வொரு பைட்டும் கேபிளைக் கடந்து, கன்ட்ரோலரைக் கடந்து வரும். தரவு எங்கும் எழுதப்படாது. ஆனால் இன்புட் எது, அவுட்புட் எது என்பதை என்டர் தட்டும் முன் இரண்டு முறை பாருங்கள். இடம் மாறினால் டிஸ்க் அழியும்.

முதல் சோதனை சுத்தமாக முடிந்து, இரண்டாவதில் லாக் முழுக்க பஸ் எரர் வந்தால் டிஸ்க் தட்டு நன்றாக இருக்கிறது, வழிதான் கெட்டது. முதல் சோதனையே "ரீட் ஃபெயிலியர்" என்று பாதியில் நின்றால் டிஸ்க் கெட்டது. இரண்டும் சுத்தம், ஆனால் வேலை நேரத்தில் மட்டும் பிழை என்றால் சூடு அல்லது மின்சாரம். எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் உழைக்கும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறு அது. அப்போது எல்லா டிஸ்க்கையும் சேர்த்து ஒரே நேரத்தில் படிக்க விட்டுப் பாருங்கள்.

இடம் மாற்றிப் பார்ப்பது

சர்வரை முறையாக நிறுத்தி, பவர் கார்டையும் கழற்றி, உடம்பில் உள்ள ஸ்டேட்டிக் போக கேஸின் உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். திறந்ததும் கை தானாகப் போய் எல்லாக் கேபிளையும் ஒரு அழுத்து அழுத்தும். அதைச் செய்யாதீர்கள். பிழை நின்றுவிடலாம், ஆனால் எது தளர்ந்திருந்தது என்பது தெரியாமலே போய்விடும், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரும். முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் விதி. சந்தேக டிஸ்க்கின் கேபிளையும் பக்கத்து நல்ல டிஸ்க்கின் கேபிளையும் மதர்போர்டு முனையில் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். பூட் செய்து டிடியை ஓட்டுங்கள். பிழை இப்போது நல்ல டிஸ்க்கின் பெயரில் வந்தால் போர்ட் கெட்டது. பழைய சீரியல் எண்ணிலேயே வந்தால் போர்ட் நல்லது, கேபிளோ டிஸ்க்கோ கெட்டது. அடுத்து டிஸ்க் முனையில் கேபிள்களை மாற்றுங்கள். இப்போது பிழை நல்ல டிஸ்க்குக்கு நகர்ந்தால் கேபிள், பழைய சீரியல் எண்ணிலேயே தங்கினால் டிஸ்க். பேக்பிளேன் உள்ள பெட்டியில் இது இன்னும் எளிது: இரண்டு டிஸ்க்குகளின் ஸ்லாட்டை மாற்றுங்கள். பிழை டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க், ஸ்லாட்டிலேயே தங்கினால் பேக்பிளேன் அல்லது அதன் பின்னால் உள்ள கேபிள்.

லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டிஆட்மினும், ரெய்டைத் தன்னுள்ளேயே கொண்ட ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்ஸும் டிஸ்க்கில் எழுதியுள்ள அடையாளத்தைப் பார்த்துத்தான் சேர்க்கின்றன. அதனால் சர்வர் அணைந்திருக்கும்போது ஸ்லாட் மாற்றுவதில் ஆபத்தில்லை. ஹார்டுவேர் ரெய்டு கார்டு என்றால் அந்த மாடலின் கையேட்டைப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

கேபிள் கெட்டுப்போகும் விதங்கள்

சாட்டா கேபிளில் தரவுக்கு இரண்டு ஜோடிக் கம்பி, தரைக்கு மூன்று, ஆக ஏழு தொடுபுள்ளிகள்தான். அதிக நீளம் 1 மீட்டர். இவ்வளவு எளிய பொருள் எப்படிக் கெடும் என்று தோன்றும். கிளிப் இல்லாத கேபிள் விசிறி அதிர்விலேயே மெல்ல நழுவும். கேஸ் கதவை மூட வேண்டும் என்று தொண்ணூறு டிகிரிக்கு மடித்திருப்பார்கள். அழகுக்காக எட்டுக் கேபிளை ஒன்றாகச் சேர்த்து டை போட்டு இறுக்கியிருப்பார்கள், இறுக்கத்தில் ஒரு முனை லேசாகச் சாய்ந்து நிற்கும். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் தொடுபுள்ளிகள் கறுக்கும். கறுத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கலாம், வாயால் ஊதாதீர்கள். ஆனால் சாட்டா கேபிளின் விலைக்கு அதைத் துடைத்துக்கொண்டிருப்பதே வீண், மாற்றிவிடுங்கள். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் உலோகக் கிளிப் இரண்டு முனையிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு டிஸ்க்கின் இணைப்பை ஒரே முனையில் சுமக்கும் மினி சாஸ் கேபிளில் வேறொரு பொறி இருக்கிறது. எஸ்எஃப்எஃப்-8087 முனை ஒன்று, நான்கு சாட்டா முனை எதிர்ப்பக்கம் என்று பிரியும் கேபிள் இரண்டு வகை. கார்டிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் போவது ஃபார்வர்டு. மதர்போர்டின் நான்கு சாட்டா போர்ட்டிலிருந்து பேக்பிளேனுக்குப் போவது ரிவர்ஸ். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. புதுக் கேபிள் போட்டதும் நான்கு டிஸ்க்கும் ஒன்றாகக் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

பவர் பக்கம் சுருக்கமாக. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். ஒரே ஒயரில் ஸ்ப்ளிட்டர் மேல் ஸ்ப்ளிட்டர் போட்டு ஆறு டிஸ்க் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாறும், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த முனை கொண்ட ஸ்ப்ளிட்டர்களை நான் சர்வரில் விடுவதே இல்லை. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எரியும் என்ற கெட்ட பெயர் அவற்றுக்கு உண்டு. புது டிஸ்க் சுழலவே மறுக்கிறது, பெட்டியோ பழையது என்றால் வேறு காரணம் இருக்கலாம். சில புதிய டிஸ்க்குகளில் பவர் முனையின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். பழைய பவர் சப்ளைகள் அந்தப் பின்னுக்கு மின்சாரம் கொடுப்பவை. டிஸ்க் கெடவில்லை.

கன்ட்ரோலரைச் சந்தேகிப்பது எப்போது

ஒரு டிஸ்க்கில் மட்டும் பிழை என்றால் கன்ட்ரோலர் முழுவதையும் சந்தேகிக்க வேண்டாம், மேலே சொன்னபடி அதன் ஒரு போர்ட்டைப் பார்த்தால் போதும். பல டிஸ்க்குகளில் ஒரே நொடியில் ரீசெட் வந்தால், அவற்றை இணைப்பு வாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு மினி சாஸ் முனையில் தொங்கும் நான்கும் சேர்ந்து விழுந்தால் அந்த ஒரு கேபிள். இரண்டு முனையிலும் உள்ள எட்டும் விழுந்தால் கார்டு, அதன் ஸ்லாட், அல்லது மொத்தப் பவர். இசட்எஃப்எஸ் ஸ்டேட்டஸில் எல்லா டிஸ்க்கிலும் செக்சம் (சரிபார்ப்பு) பிழை எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் அதே பொருள்தான், கூடவே ராமையும் சோதியுங்கள்.

எல்எஸ்ஐ வகை கன்ட்ரோலர் கார்டுகளில் முதல் சந்தேகம் சூடு. நல்ல காற்று வீசும் சர்வர் கேஸுக்காகச் செய்தவை அவை. 9211-8ஐ போன்றவற்றுக்கு நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று வேண்டும். மெதுவாகச் சுழலும் விசிறி உள்ள டெஸ்க்டாப் பெட்டியில் போட்டால் ஹீட்சிங்க் கொதிக்கும். ரீபில்ட் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து மட்டும் பிழை வருகிறது, இரவில் ஏசி இருந்தால் வருவதில்லை என்றால் ஹீட்சிங்க் மேல் ஒரு சின்ன விசிறி கட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஃபர்ம்வேர். இந்த 9211 கார்டில் உள்ள எஸ்ஏஎஸ்2008 சிப்புக்கு 20ஆம் வரிசை ஃபர்ம்வேரின் தொடக்க வெளியீடுகள் பலருக்குத் தொல்லை கொடுத்தன, 20.00.07.00 தான் எல்லாரும் நம்பிப் போடுவது. அப்புறம் ஸ்லாட். எல்எஸ்பிசிஐ மைனஸ் விவி கொடுத்து கார்டின் லிங்க் ஸ்டேட்டஸைப் பாருங்கள். எட்டு லேன் (தரவுப் பாதை) கார்டு நான்கு லேனில் ஓடுவதாகக் காட்டி, பக்கத்தில் "டவுன்கிரேடட்" என்று இருந்தால், அந்த ஸ்லாட்டில் இருப்பதே நான்கு லேன்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் கழற்றித் திரும்ப உட்கார வையுங்கள், அல்லது வேறு ஸ்லாட். லாக்கில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழையைச் சொல்லும் "ஏஇஆர் கரெக்டட் எரர்" தொடர்ந்து கொட்டினாலும் அதே மருந்து.

ஹார்டுவேர் ரெய்டு கார்டில் ஸ்டோர்சிஎல்ஐ கட்டளை டிஸ்க்குக்கு இரண்டு எண்களைத் தரும். மீடியா எரர் கவுண்ட் என்றால் தட்டு. அதர் எரர் கவுண்ட் மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள், பேக்பிளேன், பவர்.

டைம்அவுட் என்னும் தலைவலி

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் போனால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், ஒரு நிமிடத்துக்கு மேலும் போகலாம். லினக்ஸ் 30 நொடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் இல்லையென்றால் லிங்க்கையே ரீசெட் செய்யும். லாக்கில் பார்ப்பவருக்குக் கேபிள் கோளாறு போலவே தெரியும், உண்மையில் டிஸ்க் தட்டில் ஒரு புள்ளி கெட்டிருக்கிறது. ரெய்டுக்கென்று விற்கும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் "முடியவில்லை" என்று சொல்லிவிடும், மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும்.

உங்கள் டிஸ்க் எந்த வகை என்று ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடி இஆர்சி (பிழை வந்தால் எவ்வளவு நேரம் முயல்வது என்ற அமைப்பு) பகுதியைக் கேட்டால் தெரியும். டிஸ்ஏபிள்டு என்று வந்தால் 70, 70 என்று வைத்துப் பாருங்கள். இது பத்தில் ஒரு நொடிக் கணக்கு, ஆக 7 நொடி. பல டிஸ்க்குகளில் ஒவ்வொரு முறை பவர் போய் வந்த பின்னும் திரும்ப வைக்க வேண்டும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் சேருங்கள். டிஸ்க் இதை ஏற்கவே இல்லையென்றால் கெர்னல் பக்கம் அந்த டிஸ்க்குக்கான டைம்அவுட்டை 180 நொடியாக உயர்த்துங்கள்.

சரி செய்த பின்

முதலில் டிடியால் ஒருமுறை முழுவதும் படியுங்கள். லாக் சுத்தமாக இருந்தால் ரெய்டில் டிஸ்க்கைத் திரும்பச் சேருங்கள். எம்டிஆட்மினில் பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருந்தால் ரீ-ஆட் கொடுத்தாலே போதும், மாறிய பகுதி மட்டும் ஒத்திசைந்துவிடும். இசட்எஃப்எஸ்ஸில் பழைய பிழைக் கணக்கை அழிக்கும் கிளியர் கொடுத்துவிட்டு, எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டுங்கள். முடிந்ததும் 199, 197, 12, 192 எண்களைச் சீரியல் எண்ணோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே எண்கள் இருக்கின்றனவா பாருங்கள்.

எடுத்த கேபிளைக் குப்பையில் போடும் முன் இரண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாக இருந்தால் யாராவது எடுத்து உதிரி டப்பாவில் போட்டுவிடுவார்கள். முன்பு "கெட்டது" என்று ஒதுக்கிய டிஸ்க்குகள் அலமாரியில் இருந்தால் ஒவ்வொன்றையும் வேறு மெஷினில் மாட்டி நீண்ட சோதனை ஓட்டிப் பாருங்கள். 197உம் 198உம் சுழியமாக இருந்து சோதனையும் தேறினால் அவசரத்துக்கு உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.